பனியை எடை போடுவது எப்படி? சியரா நெவாடாவில் கோடை நீரை முன்கூட்டியே கணக்கிடும் முறை

2023 ஏப்ரல் 3 அன்று கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், பிலிப்ஸ் ஸ்டேஷன் என்ற புல்வெளியில் அளவைக் குழாயை இறக்கியபோது இரண்டு எண்கள் கிடைத்தன. பனியின் உயரம் 126.5 அங்குலம். அதை நின்ற இடத்திலேயே உருக்கினால் தேங்கும் தண்ணீர் 54 அங்குலம். பார்க்க வந்தவர் வாய் பிளப்பது முதல் எண்ணுக்கு. அணையில் எவ்வளவு இடம் காலி செய்து வைப்பது என்று யோசிப்பவருக்கு வேண்டியது இரண்டாவது.

அந்த இரண்டாவது எண்ணுக்கு ஸ்னோ வாட்டர் ஈக்விவலன்ட் என்று பெயர். அளவையாளர்கள் பேச்சில் ‘ஸ்வீ’. இங்கே அதை ‘நீர்நிகர்’ என்று வைத்துக்கொள்வோம். உயரத்தை மட்டும் அளந்தால் ஏன் போதாது என்பதற்கு ஒரு கணக்கு போதும். நேற்றிரவு விழுந்த புதுப்பனி 1 மீட்டர் நின்றால் அதில் தண்ணீர் 50 முதல் 100 மி.மீ. தான், மிச்சமெல்லாம் காற்று. அதே 1 மீட்டர், மாதக்கணக்கில் அமுங்கிய ஏப்ரல் பனி என்றால் 400 மி.மீ.க்கு மேல். பிலிப்ஸில் அன்று இருந்தது 43 சதவீத அடர்த்தி.

இந்த மலையில் மழையும் பனியும் பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரைதான். கோடையில் வானம் வெறும் நீலம். மாநிலத்தின் தண்ணீர்த் தேவையில் ஏறக்குறைய 30 சதவீதம் இந்தப் பனியிலிருந்து வருகிறது. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வாழும் தமிழர்கள் பலர் வீட்டுக் குழாயில் வருவதும் டுவாலமி ஆற்றின் ஹெட்ச் ஹெட்சி அணையில் தேங்கிய பனியுருகு நீர்தான். ஆகவே ஏப்ரல் முதல் தேதியையொட்டி எடுக்கும் அளவை அங்கே ஒரு வருடாந்திரச் சடங்கு போலவே ஆகிவிட்டது. மலையில் பனி சராசரியாக உச்சத்தைத் தொடுவது அப்போதுதான்.

குழாய்

நெல் மண்டியில் மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி மாதிரி எடுப்பார்களே, அதே வேலைதான். அமெரிக்க மேற்கில் எல்லோரும் பயன்படுத்துவது ஃபெடரல் சாம்ப்ளர் எனும் அலுமினியக் குழாய். இதன் மூதாதை மவுண்ட் ரோஸ் சாம்ப்ளர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை உருவாக்கியவர் ரீனோவிலிருந்த நெவாடா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் எட்வர்ட் சர்ச். அவர் பாடம் நடத்தியது லத்தீன். பனி அவருக்கு மலையேற்றத்தால் ஒட்டிக்கொண்ட பைத்தியம்.

குழாய் 30 அங்குலத் துண்டுகளாக வரும். ஒன்றோடொன்று திருகிச் சேர்க்கலாம். வெளிப்பக்கம் அங்குலக் கோடுகள், பக்கவாட்டில் உள்ளே பார்க்க நீளமான பிளவுகள், அடித்துண்டின் நுனியில் பல் வைத்த எஃகு வெட்டுமுனை. அந்த முனையின் உள்விட்டம் 1.485 அங்குலம். இந்த விசித்திர எண்ணில்தான் சூட்சுமம் இருக்கிறது: அந்த விட்டத்தில் வெட்டிய பனித்தண்டு 1 அவுன்ஸ் எடை இருந்தால் நீர்நிகர் சரியாக 1 அங்குலம். அதனால் கூட வரும் ஸ்பிரிங் தராசில் அவுன்ஸுக்குப் பதில் நேரடியாக அங்குலமே பொறித்திருக்கும். விரல் விறைத்த குளிரில் பெருக்கல் வகுத்தல் தேவையில்லை.

இந்தக் குழாய் இல்லாதவர்கள் தடித்த பாலிகார்பனேட் குழாயில் செய்துகொள்ளலாம். வாய் விளிம்பை வெளிப்பக்கமாகச் சரித்துத் தேய்த்துக் கூராக்குங்கள். உள்பக்கம் சரித்தால் வாயளவைவிடக் கூடுதல் பனி உள்ளே போகும். கணக்கு இது: பனித்தண்டின் எடையைக் கிராமில் எடுத்து, வாயின் பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் எடுத்து வகுத்து, 10-ஆல் பெருக்கினால் நீர்நிகர் மில்லிமீட்டரில் வரும். உள்விட்டம் 6 செ.மீ. என்றால் பரப்பு 28.3 ச.செ.மீ.; தண்டு 1,000 கிராம் இருந்தால் நீர்நிகர் சுமார் 353 மி.மீ.

கூடவே எடுத்துப் போக வேண்டியவை: தராசும் குழாயைப் படுக்க வைத்துத் தொங்கவிடும் தாங்கியும், குழாயைத் திருக ஒரு கைப்பிடிச் சாவி, அடியில் ஒட்டும் மண்ணை எடுக்க மழுங்கிய கத்தி, பென்சில், நீர் புகாத தாளில் குறிப்பேடு. பேனா மை குளிரில் உறைந்துவிடும். அளக்கும் இடம் சமதளமாக இருந்தாலும் அங்கே போகும் வழி சரிவாக இருக்கலாம்; பனிச்சரிவுக் காலத்தில் ஆளுக்கொரு டிரான்ஸ்சீவர் (பனியில் புதைந்தவரைத் தேட உதவும் சமிக்ஞைக் கருவி), மண்வெட்டி, துழாவுகோல் இல்லாமல் கிளம்பக் கூடாது. தனியாகவும் போகக் கூடாது.

தடம் அமைத்தல்

ஒரே இடத்தில் ஒரே முறை குத்தி எடுப்பதை நம்ப முடியாது. காற்று பனியை ஓரிடத்தில் குவித்து இன்னோரிடத்தில் வழித்துவிடும். அதனால் 5 முதல் 10 புள்ளிகள் கொண்ட ஒரு தடம் போட்டு, எல்லாவற்றின் சராசரியை எடுப்பார்கள். புள்ளிகளுக்கிடையே 50 அல்லது 100 அடி இடைவெளி.

காடு சூழ்ந்த சிறு வெட்டவெளி நல்ல இடம். காற்றைத் தடுக்க மரம் வேண்டும், ஆனால் கிளையின் நேர் கீழே புள்ளி வரக் கூடாது. ஊசியிலை மரம் விழும் பனியைத் தலையில் தாங்கிக்கொள்ளும், பிறகு மொத்தமாகக் கொட்டும். கோடையில் ஒருமுறை போய்ப் பார்ப்பது அவசியம்: பாறை, விழுந்த மரக்கட்டை, ஓடை, சதுப்பு இவற்றின் மேல் புள்ளி அமைந்தால் பனிக்காலத்தில் ஏன் அளவு தாறுமாறாக வருகிறது என்று புரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும். தடத்தின் இரு முனைகளிலும் பனிக்கு மேல் தெரியும் உயரத்தில் அடையாளப் பலகை வையுங்கள்.

தேர்ந்த பிறகு இடத்தை மாற்றாதீர்கள். ஒரு தடத்தின் எண் அந்த மலையின் மொத்தப் பனியைச் சொல்வதில்லை. போன வருடங்களோடு ஒப்பிட உதவும் குறியீடு அது. கலிபோர்னியாவின் கூட்டுறவுப் பனி அளவைத் திட்டம் 1929-இல் தொடங்கியது. இன்று 260-க்கும் மேற்பட்ட தடங்கள். அவற்றின் மதிப்பு, அதே புள்ளியில் அதே முறையில் பல பத்தாண்டுகள் அளந்ததில் இருக்கிறது.

அளக்கும் நாள்

ஜனவரி அல்லது பிப்ரவரி தொடங்கி மே வரை, ஒவ்வொரு மாத முதல் தேதியையொட்டி. விடிந்து சில மணி நேரத்துக்குள் முடிப்பது நல்லது. மதிய வெயிலில் ஈரமான பனி குழாய்க்குள் களிமண் போல ஒட்டும்.

1. குழாயை முந்தைய நாளே மெழுகு அல்லது சிலிக்கான் தெளிப்பு போட்டுத் துடைத்து வையுங்கள். வண்டிக்குள் கதகதப்பாக இருந்த குழாயை உடனே குத்தினால் பனி உருகி உள்சுவரில் உறையும், அடுத்த தண்டு அடைத்துக்கொள்ளும். தடத்தை அடைந்ததும் நிழலில் பத்து நிமிடமாவது கிடத்தி, காற்றின் குளிருக்குக் கொண்டுவாருங்கள்.

2. வேண்டிய துண்டுகளைச் சேர்த்து, வெறுங்குழாயைத் தாங்கியில் வைத்து எடை போடுங்கள். குழாய் காற்று வரும் திசையை நோக்கி நிற்கட்டும். குறுக்கே நின்றால் காற்று அதை ஆட்டி முள்ளை அலைக்கழிக்கும். படிக்கும் முன் தராசை விரலால் ஒருமுறை தட்டுங்கள், ஸ்பிரிங் சிக்கியிருந்தால் விடுபடும்.

3. மிதிக்காத பனியில் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரே சீராக, நடுவில் நிறுத்தாமல் அடி வரை இறக்குங்கள். பனிக்கட்டி அடுக்கு தடுத்தால் சாவியை மாட்டி வலப்புறமாகத் திருகி வெட்டுங்கள். இடப்புறம் திருகினால் துண்டுகள் கழன்று, பாதிக் குழாய் பனிக்குள் தங்கிவிடும். கட்டியை உடைக்கக் குழாயைத் தூக்கித் தூக்கிக் குத்துவது கூடாது; ஒவ்வொரு முறையும் ஓரத்துப் பனி உள்ளே சரியும்.

4. தரை தட்டியதும் இன்னும் ஓர் அங்குலம் மண்ணுக்குள் அழுத்தி ஒரு சுற்று திருகுங்கள். பிறகு வெளியே பனிமட்டம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று படித்துக்கொள்ளுங்கள். அந்த மண் அடைப்பு இல்லையென்றால் தூக்கும்போது பனி அடியில் வழிந்துவிடும். மண் வந்திருப்பதே குழாய் நிஜமாகத் தரையைத் தொட்டதற்குச் சாட்சி. நடுவில் இருக்கும் கட்டி அடுக்கைத் தரை என்று எண்ணி ஏமாறுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு.

5. தூக்கியதும் பிளவு வழியே தண்டின் நீளத்தைப் பாருங்கள். கனத்த பனியில் அது பனி உயரத்தில் 90 சதவீதத்தையொட்டி இருக்க வேண்டும். மிகக் குறைந்தால் நடுவில் அடைத்து, கீழ்ப் பனி விலகிப் போயிருக்கிறது. கொட்டிவிட்டு ஓரடி தள்ளி மறுபடி எடுங்கள். இலேசான புதுப்பனி குழாய்க்குள் அமுங்கும் என்பதால் அங்கே நீளம் குறைவது இயல்பு.

6. மண்ணையும் புல்லையும் கத்தியால் சுரண்டி எடுத்து, அதன் தடிமனை உயரத்திலிருந்து கழியுங்கள். பிறகு தண்டோடு எடை. வெறுங்குழாய் எடையைக் கழித்தால் நீர்நிகர்.

7. குழாயைத் தலைகீழாக்கித் தண்டைக் கொட்டுங்கள். ஒட்டியிருந்தால் கையுறைக் கையால் தட்டுங்கள். மரத்திலோ பாறையிலோ அடித்தால் குழாய் நெளியும், பல் மழுங்கும். சில புள்ளிகளுக்கு ஒருமுறை வெறுங்குழாயை மறுபடி நிறுங்கள். உள்ளே ஒட்டிய பனி சிறுகச் சிறுகச் சேர்ந்து எடையை ஏற்றிக்கொண்டே போகும்.

ஒரு மாதிரிக் கணக்கு. பனிமட்டம் 71 அங்குலம், மண் 1, ஆக உயரம் 70. தண்டின் நீளம் 64, அதாவது 91 சதவீதம், ஏற்கலாம். வெறுங்குழாய் 33, தண்டோடு 61. நீர்நிகர் 28 அங்குலம், மெட்ரிக்கில் 711 மி.மீ. அடர்த்தி 28-ஐ 70-ஆல் வகுத்தால் 40 சதவீதம்.

அந்த அடர்த்திதான் உங்கள் சரிபார்ப்பு. ஒரே தடத்தில் உயரம் புள்ளிக்குப் புள்ளி நிறைய மாறும். அடர்த்தி அவ்வளவு மாறாது. ஒன்பது புள்ளிகள் 38-க்கும் 42-க்கும் இடையே இருக்க, பத்தாவது மட்டும் 29 காட்டினால் பனியில் தண்டு தவறிவிட்டது அல்லது தராசைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள். இதனால்தான் கணக்கை மலையிலேயே முடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கண்டுபிடிக்கும் பிழையைத் திருத்தத் திரும்பிப் போவது ஒரு நாள் ஏற்றம்.

தரை வெறுமையாக இருக்கும் புள்ளிக்கு 0 என்று எழுதுங்கள், கோடு போட்டு விடாதீர்கள். சராசரியில் அந்த 0 சேர வேண்டும். 2015 ஏப்ரல் 1 அன்று பிலிப்ஸில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் நின்றது காய்ந்த புல்லில். மாநிலம் முழுக்கப் பனி சராசரியில் 5 சதவீதம். நகரங்கள் தண்ணீர்ப் பயன்பாட்டில் 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்ற உத்தரவு அன்றே வந்தது.

ஃபெடரல் குழாய்க்கு ஒரு பிறவிக் குணம் உண்டு: உண்மையைவிடச் சுமார் 10 சதவீதம் வரை கூட்டிக் காட்டும். பல்லின் தடிமனும் பக்கப் பிளவுகளும் கூடுதல் பனியை உள்ளே தள்ளுவதே காரணம். எல்லா வருடமும் ஒரே மாதிரி கூட்டுவதால் வருட ஒப்பீட்டுக்குக் கேடில்லை. ஆனால் வேறு கருவியின் அளவோடு சேர்க்கும்போது இதை மறந்தால் கணக்கு கோணும். 30 செ.மீ.க்குக் குறைந்த பனியில் இந்தத் தராசு நுட்பமாகக் காட்டாது. அங்கே பல தண்டுகளை ஒரே பையில் சேர்த்து மொத்தமாக நிறுத்து, எண்ணிக்கையால் வகுப்பது நல்லது.

குழி வெட்டிப் பார்த்தல்: எப்போது உருகும்?

எவ்வளவு தண்ணீர் என்பதைக் குழாய் சொல்லும். அது எப்போது புறப்படும் என்று சொல்லாது. அதற்குத் தரை வரை குழி வெட்ட வேண்டும். வெயில் படாத சுவரைச் செதுக்கி நேராக்கி, மேலிருந்து 10 செ.மீ.க்கு ஒருமுறை வெப்பமானியைச் செருகுங்கள். அதே இடைவெளியில் 250 அல்லது 1,000 கன செ.மீ. வெட்டுப்பெட்டியால் பனியை எடுத்து நிறுத்தால் அடுக்கடுக்காக அடர்த்தி கிடைக்கும்.

மேலிருந்து அடி வரை எல்லா இடத்திலும் 0° செல்சியஸ் என்றால் பனி பழுத்துவிட்டது. இனி உருகுவதெல்லாம் கீழே இறங்கும். அதற்கு முன்பு மேலே உருகும் நீர் உள்ளே போய் மறுபடி உறைந்து பனியைச் சூடாக்குவதிலேயே செலவாகும்.

அது எவ்வளவு பெரிய செலவு? நீர்நிகர் 500 மி.மீ., சராசரி வெப்பநிலை -5° என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் 500 கிலோ பனி. பனிக்கட்டியின் வெப்ப ஏற்பு கிலோவுக்கு டிகிரிக்கு 2,100 ஜூல், ஆக 52.5 லட்சம் ஜூல் வேண்டும். ஒரு கிலோ பனியை உருக்க 3,34,000 ஜூல். வகுத்தால் 16 மி.மீ. உருகலுக்குச் சமம், அவ்வளவுதான். அதன் பிறகு பனி தன் எடையில் 3 முதல் 5 சதவீத நீரைத் துணி போலப் பிடித்துவைக்கும். அது இன்னொரு 20 மி.மீ. ஆக 36 மி.மீ. கழிந்ததும் ஆறு ஏறத் தொடங்கும். வசந்தத்தில் இது இரண்டு மூன்று நல்ல வெயில் நாட்களின் வேலை. ‘பனி இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது, அவசரமில்லை’ என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் ஏமாறும் இடம் இது.

தலையணையும் விமானமும்

மாதம் ஒருமுறை மட்டுமே அளந்தால் இடையில் வரும் புயல் தெரியாது. அதற்காகத் தரையில் பனித் தலையணை வைப்பார்கள்: உறையாத திரவம் நிரப்பிய தட்டையான பை, ஏறக்குறைய 3 மீட்டர் அகலம். மேலே ஏறும் பனியின் எடை திரவத்தை அழுத்த, அழுத்தமானி மணிக்கொருமுறை எண் அனுப்பும். அமெரிக்க வேளாண் துறையின் ஸ்னோடெல் வலையமைப்பில் இப்படி 800-க்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன.

இதன் நோய்க்குப் பாலம் கட்டுதல் என்று பெயர். பனிக்குள் உறைந்த கெட்டி அடுக்கு, தலையணைக்கு இருபுறமும் தரையில் ஊன்றி, மேலுள்ள பாரத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். கனத்த பனி விழுந்தும் எண் அசையாது. பிறகு ஒரு வெப்ப நாளில் அடுக்கு இளகியதும் விருட்டென ஏறும். அருகிலுள்ள பனி உயரமானியின் ஏற்றத்தோடு ஒப்பிட்டால் பிடிபடும். சந்தேகம் வந்தால் குழாயோடு நேரில் போவதைத் தவிர வழியில்லை.

2013-இல் டுவாலமி வடிநிலத்தில், அதாவது அந்த ஆற்றுக்கு நீர் வடியும் நிலப்பரப்பில், நாசாவின் விமான அளவை தொடங்கியது. கோடையில் ஒருமுறை லேசர் கதிரால் வெறுந்தரையின் உயரத்தையும், குளிர்காலத்தில் பனி மேல்மட்டத்தின் உயரத்தையும் எடுத்துக் கழித்தால் மலை முழுவதற்கும் பனி உயரம் வந்துவிடும். ஆனால் உயரத்தை நீராக்க அடர்த்தி வேண்டும். அதற்குக் கீழே ஆள் குழாயோடு நின்றாக வேண்டும்.

புள்ளியிலிருந்து வடிநிலத்துக்கு

தடங்களின் எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்து மலைப் பரப்பால் பெருக்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. அது தப்பு. மலையின் உயரம் கூடக் கூடப் பனி கூடும், பரப்பு அதே விகிதத்தில் இருக்காது. வடிநிலத்தை உயரப் பட்டைகளாகப் பிரித்து, செயற்கைக்கோள் படத்தில் ஒவ்வொரு பட்டையிலும் எத்தனை சதவீதம் பனி மூடியிருக்கிறது என்று பாருங்கள்.

100 ச.கி.மீ. வடிநிலம் ஒன்றை வைத்துப் பார்ப்போம். கீழ்ப்பட்டை 30 ச.கி.மீ., 40 சதவீதம் மூடல், நீர்நிகர் 200 மி.மீ.: 24 லட்சம் கன மீட்டர். நடுப்பட்டை 45 ச.கி.மீ., 90 சதவீதம், 600 மி.மீ.: 243 லட்சம். மேல்பட்டை 25 ச.கி.மீ., முழு மூடல், 850 மி.மீ.: 212.5 லட்சம். மொத்தம் 479.5 லட்சம் கன மீட்டர், நம் கணக்கில் 1.7 டி.எம்.சி. வெறும் சராசரி போட்டிருந்தால் 550 லட்சம் வந்திருக்கும்; 15 சதவீதம் கூடுதல். அங்கத்திய அறிக்கைகள் ஏக்கர்-அடியில் பேசும்: 1 ஏக்கர்-அடி 1,233 கன மீட்டர், 1 டி.எம்.சி. ஏறக்குறைய 23,000 ஏக்கர்-அடி.

தினசரி உருகலுக்கு எளிய சூத்திரம், நாளின் சராசரி வெப்பநிலையை ஒரு காரணியால் பெருக்குவது. காரணி டிகிரிக்கு 2 முதல் 6 மி.மீ. வரை, மார்ச்சில் தாழ்வாகவும் ஜூனில் உயர்வாகவும் இருக்கும். காரணி 4, வெப்பம் 6° என்றால் நாளுக்கு 24 மி.மீ. பனி மூடிய 100 ச.கி.மீ. மீது அது 24 லட்சம் கன மீட்டர். ஆற்றில் நொடிக்குச் சுமார் 28 கன மீட்டர். தூசி படிந்த பனிக்கு இந்தக் காரணி எடுபடாது. கொலராடோவின் சான் வான் மலையில் பாலைத் தூசி பனியைக் கருக்கி, உருகலை மூன்று வாரத்துக்கு மேல் முன்னால் இழுத்துவிடுகிறது. காட்டுத்தீயின் கரியும் அப்படித்தான். 2021 ஆகஸ்டில் கால்டோர் தீ பிலிப்ஸ் பக்கத்துக் காடுகளை எரித்தபின், மரநிழலை நம்பிய பழைய ஒப்பீடுகளைக் கவனமாகக் கையாள வேண்டியிருக்கிறது.

ஆற்றுக்கு எவ்வளவு வந்து சேரும்

குறைந்தது 15, முடிந்தால் 20 வருடங்களுக்கு, ஏப்ரல் 1 நீர்நிகரையும் ஏப்ரல்–ஜூலை ஆற்று வரத்தையும் ஜோடி ஜோடியாக விரிதாளில் போட்டு நேர்கோடு பொருத்துங்கள். பிறகு ஒவ்வொரு வருடமாக நீக்கி, மிச்சத்தை வைத்து அந்த வருடத்தைக் கணித்துப் பாருங்கள். இப்படி வரும் பிழைகளின் திட்ட விலக்கம்தான் உங்கள் நேர்மையான பிழையளவு. கோடு பொருந்திய அழகைப் பார்த்து மயங்க வேண்டாம்.

கணிப்பை ஒற்றை எண்ணாக வெளியிடாதீர்கள். கணிப்பு 400 லட்சம் கன மீட்டர், பிழையளவு 60 லட்சம் என்றால், அதை 1.28-ஆல் பெருக்கி இருபுறமும் வையுங்கள்: பத்தில் ஒன்பது முறை 323 லட்சத்துக்கு மேல் வரும், பத்தில் ஒரு முறைதான் 477 லட்சத்தைத் தாண்டும். ஏப்ரலுக்குப் பின் வரும் மழை யாருக்கும் தெரியாது; அந்த அறியாமைக்கும் இந்த இடைவெளியில் இடம் இருக்கிறது.

பனியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2021 பாடம். ஏப்ரல் 1 அன்று பனி சராசரியில் ஏறக்குறைய 60 சதவீதம். வரத்து கணித்ததைவிட மிகக் குறைவாக வந்தது. முந்தைய வறட்சியில் மண் காய்ந்து கிடந்தது. வெப்பமும் வறட்சியுமான வசந்தத்தில் உருகிய நீரை முதலில் மண் குடித்தது, ஒரு பங்கு பனி காற்றிலேயே ஆவியானது. ஆகவே கோட்டில் இன்னொரு மாறியைச் சேருங்கள்: முந்தைய அக்டோபர்–நவம்பர் ஆற்றின் அடிவரத்து (மழையில்லாத நாளிலும் நிலத்தடியிலிருந்து ஊறி ஓடும் நீர்), அல்லது மண் ஈரமானி இருந்தால் அதன் எண். இலையுதிர் காலத்தில் ஆறு வழக்கத்தைவிட மெலிந்து ஓடியிருந்தால் மண்ணும் தாகத்தோடுதான் இருக்கிறது.

ஏப்ரல் கணிப்போடு குறிப்பேட்டை மூடிவிடாமல், மே முதல் தேதியும் தடத்துக்குப் போய் வாருங்கள். ஏப்ரலில் குறைந்த நீர்நிகரைப் பரப்புக்குப் பெருக்கி, அதே மாதம் ஆற்று அளவுமானியில் கடந்த நீரோடு வைத்துப் பாருங்கள். பனியில் 150 லட்சம் கன மீட்டர் குறைந்து, ஆற்றில் 80 லட்சம்தான் வந்திருந்தால், மிச்சக் கணிப்பையும் அதற்கேற்ப இறக்கி, அணைக்காரர்களுக்கு அன்றைக்கே தெரிவியுங்கள்.